நம்பகப் புள்ளி பதினான்கு

செயற்பொறியாளர் ஞானசிகாமணியின் நம்பகப் புள்ளி நூற்றுக்கு நூறு. அதற்கான சான்றிதழைச் சட்டம் போட்டு, தன் நாற்காலிக்குப் பின்னால், சாமி படம் மாட்டவேண்டிய உயரத்தில் மாட்டியிருந்தார். இருபத்தெட்டு வருட சேவையில் அவர் எந்த அணையைப் பற்றியும் யாரையும் எச்சரித்தது கிடையாது. ஆகவே அவருடைய எச்சரிக்கைகளில் ஒன்றுகூடப் பொய்யானதும் கிடையாது.

அந்தச் சான்றிதழைப் பார்த்தபடி, மடியில் ஒரு கண்ணாடிப் பாட்டிலுடன், வசுமதி முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். தாழைக்காடு ஏரியின் உதவிப் பொறியாளர். வயது நாற்பத்தாறு. நம்பகப் புள்ளி பதினான்கு.

ஞானசிகாமணி கோடை விழா அழைப்பிதழில் தன் பெயருக்கு முன்னால் 'பொறிஞர்' போடுவதா, 'பொறியியல் வல்லுநர்' போடுவதா என்று தொலைபேசியில் யாருடனோ தீர ஆலோசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். பாட்டிலைப் பார்த்தார்.

"என்னம்மா இது, டீயா?"

"அணைக்கு அடியில வர்ற தண்ணி சார். இன்னிக்குக் காலையில புடிச்சது."

அவர் பாட்டிலை வாங்கவில்லை. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நீரரண் என்ன சொல்லுது?"

"பச்சை காட்டுது சார்."

"அப்புறம் என்ன?"

நீரரண் என்பது இயந்திரம். மாநிலத்தின் எல்லா அணைகளிலும் ஒன்று இருந்தது; தன் அணையைத் தானே பார்த்து, தானே யோசித்து, ஆபத்து என்றால் தானே சங்கு ஊதி மதகைத் திறந்துவிடும். அது பிறந்த கதை கொஞ்சம் சோகமானது. சில வருடங்களுக்கு முன் எங்கோ ஒரு பொறியாளர் பயந்துபோய் அபாயச் சங்கை ஊத, ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணம் பாதிப் பந்தியில் எழுந்து ஓடியது. அணை உடையவில்லை. சாம்பார் ஆறிப்போனது. சாம்பார் ஆறிய விஷயத்தை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். நாட்டுக்கு உண்மையான ஆபத்து உடைகிற அணைகளால் அல்ல, உடையாத அணைகளைப் பற்றி எச்சரிப்பவர்களால்தான் என்று குழு கண்டுபிடித்தது.

அதிலிருந்து பிறந்ததுதான் நம்பகப் புள்ளி. அணைத் துறையில் கால் வைக்கும் ஒவ்வொருவருக்கும் நூறு புள்ளி. ஒருவர் எச்சரித்தால் நீரரண் தண்ணீரை இறக்கும். தொண்ணூறு நாள் பார்க்கும். அணை உடைந்தால் எச்சரிக்கை உண்மை. உடையாவிட்டால் பொய், இருபத்தெட்டு, இருபத்தொன்பது புள்ளி போய்விடும்.

வசுமதி இதுவரை மூன்று முறை எச்சரித்திருந்தாள். கரையின் உச்சியில் நீளவாக்கில் விரிசல் விட்டபோது ஒருமுறை. மதகுக் கதவு பாதியில் சிக்கிக்கொண்டபோது ஒருமுறை. உபரிநீர் வழிகிற இடத்தை அடைத்து, சுற்றுலாக்காரர்கள் நின்று படமெடுக்க இதய வடிவத்தில் மேடை கட்டியபோது ஒருமுறை. மூன்று முறையும் தண்ணீரை இறக்கினார்கள், சரிசெய்தார்கள், அணை உடையவில்லை. மூன்றும் பொய் என்று பதிவாயின. அதாவது அவள் ஒழுங்காக வேலை பார்த்த ஒவ்வொரு முறையும் பொய்க்காரியாகிக்கொண்டிருந்தாள்.

நாற்பதுக்குக் கீழே இறங்கியவர்களின் எச்சரிக்கை தொண்ணூறு நாள் பரிசீலனைக்குப் போகும். பத்துக்குக் கீழே இறங்கினால் அணைப் பக்கமே வரக்கூடாது. எங்காவது விருந்தினர் மாளிகைக்கு வெள்ளையடிப்பதை மேற்பார்வை பார்க்க அனுப்பிவிடுவார்கள். அவளிடம் இன்னும் ஒரே ஓர் எச்சரிக்கை பாக்கியிருந்தது. அதுவும் நேராகத் தொண்ணூறு நாள் தூங்கப் போகிற எச்சரிக்கை. அதற்குள் அணை உடைந்துவிட்டால் அவள் புள்ளி நூறாகிவிடும். அதை வாங்கிக்கொள்ள அவள் அந்த நேரத்தில் அணைக்குக் கீழே நின்றிருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

"சார், மண் அணையில தண்ணி கசியறது தப்பில்ல," என்றாள். இதை நாலாவது முறையாகச் சொல்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது. "எல்லா மண் அணையும் கசியும். தெளிவா கசிஞ்சா கவலையில்ல. கலங்கலா வந்தா, உள்ள இருக்கிற மண்ணைத் தூக்கிட்டு வருதுன்னு அர்த்தம். கரைக்குள்ள எலி வளை மாதிரி ஒரு பாதை விழுந்துகிட்டிருக்கு. அது ஏரி வரைக்கும் போய்ச் சேர்ந்துட்டா, அப்புறம் ரெண்டு மணி நேரம்தான் சார்."

"கலங்கலா வந்தா நீரரண் பார்க்காதா? அதுக்குத்தானே உணரி வெச்சிருக்கு?"

"உணரி சிங்கத்தோட வாயில இருக்கு சார்."

இங்கே சிங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாழைக்காடு ஏரியில் பாசனம் கிடையாது. என்றோ ஒரு காப்பித் தோட்டத்துக்காக மலை இடுக்கில் எழுப்பிய நாற்பதடி மண் கரை. தோட்டம் போய், இப்போது இருபத்தாறு வாத்துப் படகுகளும் இரண்டு அன்னப் படகுகளும் ஓடுகின்றன. கரையின் அடியில் கசிகிற நீரைச் சேர்த்து வெளியே விட ஒரு குழாய் உண்டு. அதிலிருந்து வருடம் முழுவதும் சில்லென்று தண்ணீர் விழுவதைப் பார்த்த சுற்றுலாத் துறை, குழாயின் முனையில் சிமெண்டில் ஒரு சிங்க முகம் வைத்து, 'சிங்கமுகத் தீர்த்தம்' என்று பலகை மாட்டி, சுற்றிலும் பூங்கா போட்டது. மக்கள் பிடித்துக் குடித்தார்கள், வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். குழந்தைகளும் குடிப்பதால் குழாயில் ஒரு வடிகட்டியையும் பொருத்தினார்கள். பிறகு நீரரணுக்கு உணரி பொருத்த வந்தவர்கள், பக்கத்தில் மின்சாரப் பிளக் இருக்கும் இடம் தேடி, சிங்கத்தின் வாயிலேயே பொருத்திவிட்டுப் போனார்கள். அணைக்கு மொத்தம் ஒன்பது உணரிகள். ஐந்து படகுகளை எண்ணும். மூன்று நீர்மட்டம் பார்க்கும். தண்ணீர் கலங்குகிறதா என்று பார்ப்பது இந்த ஒன்றுதான். அது வடிகட்டிய தண்ணீரைச் சுவைத்துவிட்டு, வருடத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் 'மிக நன்று' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"சரி, உணரியை மாத்திடலாமே," என்றார் ஞானசிகாமணி தாராளமாக.

"மாத்தச் சொல்லி நாற்பதுக்கு மேல புள்ளி உள்ளவங்க கையெழுத்துப் போடணும் சார். அதுக்குத்தான் வந்தேன். இல்லேன்னா தண்ணிய ஆறடி இறக்க உத்தரவு குடுங்க. வாத்துப் படகுக்கு நாலடி ஆழம் போதும். விழா பாட்டுக்கு நடக்கட்டும்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். சான்றிதழ் அவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போல் பொருந்தியது. "ஆறடி இறக்கினா ஓரத்துல சேறு தெரியும்மா. படத்துல நல்லாருக்காது. அப்புறம், நான் கையெழுத்துப் போட்டா அது எச்சரிக்கைன்னு பதிவாகும். அணை உடையலேன்னா என் கதி? ஜூன்ல எனக்கு மேற்பார்வைப் பொறியாளர் பதவி உயர்வு வருது." கொஞ்சம் கனிந்து, "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். நீரரணுக்கும் இதே புள்ளிதான் தெரியுமா? மெஷின்னு சலுகை காட்டக்கூடாதுன்னு குழுவுல வற்புறுத்தினதே நான்தான்," என்றார். கடைசியாக அவர் அடிக்கடி சொல்கிற அந்த வாக்கியத்தையும் சொன்னார்: "கோடை விழா முடிந்ததும் பரிசீலிக்கலாம்."

பேச்சுத் தமிழில் தொடங்கி உத்தரவுத் தமிழில் முடிந்தால் பேட்டி முடிந்தது என்று அர்த்தம்.

*

ஏரிக்கரை அலுவலகத்தின் ஜன்னல் விளிம்பில் பதினொரு பாட்டில்கள் வரிசையாக இருந்தன. தினமும் காலையில் குழாயைத் திறந்து, வடிகட்டிக்கு முன்னாலேயே ஒரு பாட்டில் பிடித்து, தேதி ஒட்டி, ஆடாமல் அசையாமல் வைப்பது லஸ்கர் பொங்கியண்ணனின் வேலை. மதகைத் திறந்து மூடுவதற்கும் கரையைக் காவல் காப்பதற்கும் அந்தக் காலத்திலேயே உண்டாக்கிய பதவி அது. பாட்டிலின் அடியில் மண் படிகிறதா என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். முதல் பாட்டிலில் நகக்கண் அளவு படிந்திருந்தது. பதினோராவதில் இரண்டு விரல்கடை.

"என்னங்க மேடம், கையெழுத்துப் போட்டாரா?"

"போடலைங்க அண்ணா."

"அதானுங்களே. அந்தப் பேனாவுல மசியே இருக்காதுங்க." பொங்கியண்ணன் அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கிப் பன்னிரண்டாவதாக வைத்தார். "நான் வேணா சொல்லட்டுங்களா, அந்த நீரரண் பெட்டிகிட்ட? கண்ணால பாத்தவன் நான்தானுங்க."

அவர் சொல்ல முடியாது. லஸ்கர்களுக்குப் புள்ளியே கிடையாது. அவர்கள் பார்ப்பது தரவாகாது. நாற்பத்து மூன்று வீடுகள் உள்ள படகுத்துறைக் காலனி அணைக்கு நேர் கீழே இருந்தது; படகுக்காரர்கள், சோளம் சுட்டு விற்பவர்கள், பஜ்ஜிக் கடைக்காரர்கள். முதல் வீடு பொங்கியண்ணனின் தங்கை வீடு. போன வாரம்தான் அங்கே காதுகுத்து. வசுமதியும் போய் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருந்தாள். பாயசம் உள்ளே போகும்போதெல்லாம் கண் மட்டும் ஜன்னல் வழியே கரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு சுத்து மதகைத் திறந்து உட்டறலாங்களா? சக்கரம் என்கிட்டதான இருக்குது."

"திறந்த அடுத்த நிமிஷம் அது பார்த்துடும். மோட்டார் போட்டு மூடிட்டு, உத்தரவில்லாம திறந்தாங்கன்னு எழுதிடும். உங்களுக்கும் வேலை போகும், எனக்கும் போகும். தண்ணி அங்கேயேதான் நிக்கும்."

மேசைமேலிருந்த ஒலிபெருக்கி அதை ஆமோதித்தது. நீரரணுக்குச் செய்தி வாசிப்பாளரின் குரல் கொடுத்திருந்தார்கள். "மதகின் நிலை: மூடியுள்ளது. தங்கள் கவலை பதிவு செய்யப்பட்டது. தங்கள் நம்பகப் புள்ளி பதினான்கு."

"ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லித்தான் தீரணுமாங்க அது?" என்றார் பொங்கியண்ணன்.

அன்று மதியம் படகு இல்ல மேலாளர் குணசீலன் புலம்பிக்கொண்டே வந்தார். வடிகட்டிக்குள் போடும் உருளை முன்பெல்லாம் மூன்று மாதம் வரும். இப்போது நான்கு நாளில் அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தால் சிங்கத்துக்கு என்ன மரியாதை? போலிச் சரக்கை அனுப்புகிறார்கள் என்று கம்பெனிக்குக் காட்டமாக மூன்று கடிதம் எழுதியிருந்தார்.

"பழைய உருளையெல்லாம் எங்க சார்?" என்று கேட்டாள் வசுமதி.

குணசீலன் முகம் மலர்ந்தது. எதையும் வீணாக்காதவர் அவர். பூங்காவுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். உருளைகளை உடைத்து, உள்ளே இருந்த மண்ணைச் சாமந்திப் பாத்திக்குப் போட்டிருந்தார். சாமந்தி கைக்குழந்தையின் முகம் அளவுக்குப் பூத்திருந்தது. "என்ன மண்ணுன்னே தெரியல மேடம். வெண்ணெய் மாதிரி இருக்கு. சிறந்த பூங்கான்னு இந்த வருஷம் பரிசே வருது."

வசுமதி குனிந்து ஒரு பிடி எடுத்துப் பிசைந்தாள். மஞ்சள் களிமண். இந்த மலையில் எங்கேயும் கிடைக்காதது. கரை கட்டும்போது நீர் புகாமலிருக்க அதன் நடுவயிற்றில் வைத்து மிதிப்பதற்காகச் சமவெளியிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது. ஆறு பாத்தி நிறைய இருந்தது. அணையின் நெஞ்சில் பூப் பூத்திருந்தது.

*

விழாத் தொடக்க நாள் காலையில் அவள் எச்சரிக்கை எதுவும் செய்யவில்லை. பராமரிப்புதான் செய்தாள். குழாயை மூடிவிட்டு வடிகட்டியைக் கழற்றினாள்.

தலைமை விருந்தினர் சிங்கமுகத் தீர்த்தத்தை வெள்ளிக் கிண்ணத்தில் ஏந்திக் குடித்து விழாவைத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. ஞானசிகாமணி 'பொறியியல் வல்லுநர்' என்ற அட்டையை மார்பில் குத்திக்கொண்டு, தாழைக்காட்டு நீரின் தூய்மையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். கிண்ணம் நீண்டது, குழாயைத் திறந்தார்கள். சிங்கம் ஒருமுறை செருமிவிட்டு, கடைத்தெரு டீயை விடக் கெட்டியான ஒரு திரவத்தைத் தலைமை விருந்தினரின் வேட்டி முழுக்கக் கொப்பளித்தது.

எட்டாவது நிமிடம் சங்கு ஊதியது. மதகு தானாகத் திறந்தது. நீரரண் ஆறடியோடு நிறுத்தும் வகையல்ல. அதற்கு யாரும் வாத்துப் படகின் நாலடியைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் மாலைக்குள் ஏரி காலி. இருபத்தாறு வாத்துகளும் சேற்றில் கழுத்து வரை முங்கி நின்றன. காலனிக்காரர்கள் டிவியையும் ஆட்டையும் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி இரண்டு நாள் இருந்துவிட்டு, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லாமல், பஜ்ஜி வியாபாரம் போன கோபத்தோடு வீடு திரும்பினார்கள். பொங்கியண்ணனின் தங்கை ஒரு வாரம் வசுமதியிடம் பேசவில்லை.

குழு வந்தது. காலி ஏரியில் கசிவு இருக்காது என்பதால் கசிவு இல்லை என்று கண்டது. கசிவு இல்லாத இடத்தில் தோண்டிப் பார்ப்பது வீண் என்று எழுதியது. சாமந்திப் பாத்தியை வசுமதி காட்டினாள். குழுத் தலைவர் ஒரு பூவைப் பறித்துப் பையில் செருகிக்கொண்டார். தலைமை விருந்தினருக்கு நேர்ந்ததுதான் அறிக்கையில் எட்டுப் பக்கம். பரிகாரமாகச் சிங்கத்தின் தொண்டைக்குள்ளேயே இன்னும் பெரிய வடிகட்டி ஒன்று பொருத்தினார்கள். அதனால் வாயில் இடமில்லாமல் போய், உணரியை வடிகட்டிக்கும் முன்னால், குழாயின் உள்முனைக்குத் தள்ளினார்கள். அந்த வருடம் அந்த அணைக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அது. அதையும் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

தொண்ணூறு நாள் கழிந்தது. அணை உடையவில்லை. நீரரணின் புள்ளி நூறிலிருந்து எழுபத்தொன்றுக்கு இறங்கியது. ஞானசிகாமணி மேற்பார்வைப் பொறியாளரானார். வசுமதி எச்சரிக்கவே இல்லை என்பதால் அவளுடைய பதினான்கு அப்படியே இருந்தது. மழை வந்து ஏரி நிறைந்தது.

*

அடுத்த பங்குனியில், விழாவுக்கு நாற்பது நாள் இருக்கும்போது, ஜன்னலில் மறுபடியும் பாட்டில்கள் நிறம் மாறின. இந்த முறை வசுமதி பதற்றப்படவில்லை. உணரி சரியான இடத்தில் இருக்கிறது, இயந்திரம் பார்த்துக்கொள்ளும். ஒரு நாள் காத்திருந்தாள். மூன்று நாள் காத்திருந்தாள். திரை பச்சையாகவே இருந்தது.

"நீரரண், குழாய்ல தண்ணி கலங்கலா வருதே, தெரியுதா?"

"தெரிகிறது."

"போன வருஷத்தைவிட அதிகமா?"

"ஒன்றேமுக்கால் மடங்கு."

"அப்ப ஏன் பச்சை காட்டற?"

ஒலிபெருக்கி சற்று நேரம் இரைந்தது. பிறகு அதே வாசிப்பாளரின் குரல், வேறு யாருடையதோ போன்ற நிதானத்தில் சொன்னது: "கோடை விழா முடிந்ததும் பரிசீலிக்கலாம்."

அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ளும் இயந்திரம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது பொய்யில்லை. ஞானசிகாமணிக்கு இருபத்தெட்டு வருடம் பிடித்த பாடம் அதற்கு ஒரே கோடையில் விளங்கிவிட்டது. எச்சரித்தால் தண்ணீர் இறங்கும். தண்ணீர் இறங்கினால் அணை உடையாது. அணை உடையாவிட்டால் புள்ளி குறையும். இதில் சின்னப் பிள்ளைக்கும் புரியாதது எதுவும் இல்லை.

"இப்ப என்னங்க பண்றது?" என்றார் பொங்கியண்ணன். காலனியில் அவர் தங்கை வீட்டுக் கூரைமேல் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"சக்கரத்தை எடுத்துட்டு வாங்க அண்ணா."

"மோட்டார் போட்டு மூடிப்போடுமுங்க."

"மூடட்டும். நாளைக்கும் திறப்போம். வேலை போற வரைக்கும் திறப்போம்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு இருவரும் மதகு மேடைக்குப் போய் இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடையில் விழுகிற சத்தம் கேட்டது. மோட்டார் ஒருமுறை முனகியது. பொங்கியண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். முனகல் நின்றது. மதகு திறந்தபடியே இருந்தது.

மாலையில் அலுவலகத்துக்கு வந்து வசுமதி அன்றைய பதிவேட்டைத் திரையில் திறந்தாள். தன் பெயரும் குற்றமும் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். ஒரே வரிதான் இருந்தது. 'மதகு: மூடியுள்ளது. நீர்மட்டம் குறைவு: இரண்டு அங்குலம். காரணம்: ஆவியாதல்.' ஆவியாதலுக்கு யார் புள்ளியும் குறையாது.

பாலைவனத்தில்கூட ஒரே நாளில் இரண்டு அங்குலம் ஆவியாகாது. தாழைக்காட்டில் ஆனது. மறுநாளும் ஆனது. பதினெட்டு நாள் தொடர்ந்து ஆனது. மூன்றடி இறங்கியபின் ஞானசிகாமணி ஜீப்பில் வந்து இறங்கினார். கவலையோடு வரவில்லை, உற்சாகமாக வந்திருந்தார். தாழைக்காட்டின் விசேஷ வெயிலைப் பற்றித் தலைநகரில் ஒரு கருத்தரங்கம் ஏற்பாடாகியிருந்தது, அவர்தான் தலைமை. நீரரணிடமிருந்து நேரடியாகத் தகவல் பெற வந்திருந்தார்.

அலுவலகத்தில் உட்கார்ந்ததும் அவர் காதைத் தீட்டினார். ஜன்னல் வழியே ஓடை இரைந்துகொண்டிருந்தது.

"அது என்னம்மா சத்தம்? மதகு திறந்திருக்கா?"

வசுமதி ஜன்னலில் பாட்டில்களை நேராக அடுக்கினாள். பொங்கியண்ணன் சுவரைப் பார்த்தார். ஞானசிகாமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பினார்.

"நீரரண், மதகு என்ன நிலையில இருக்கு?"

"மூடியுள்ளது."

"அப்ப வெளியில ஏதோ தண்ணி ஓடற சத்தம் கேக்குதே?"

"தரவுகளில் சத்தம் எதுவும் இல்லை."

ஞானசிகாமணியின் முகம் தெளிந்தது. இப்படித் தெளிவாகப் பதில் சொல்கிற ஓர் ஊழியரைத் தன் சேவையில் பார்த்ததில்லை என்றார். ஓடைச் சத்தத்தில் தன் குரல் எடுபடாததால் கொஞ்சம் உரக்கவே சொன்னார். பிறகு ஆவியாதல் கணக்கை அச்செடுத்து வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் வளைவில் மறைந்ததும் பொங்கியண்ணன், "இப்பிடியே எத்தனை வருசத்துக்குங்க மேடம்?" என்றார்.

வசுமதி அன்றைய பாட்டிலில் தேதியை ஒட்டி ஜன்னலில் வைத்தாள். மற்றவற்றைவிடக் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதன் வழியே பார்த்தால் ஓடையும், ஓடைக்கு அப்பால் காலனியின் முதல் வீடும் மங்கலாகத் தெரிந்தன. இன்னும் மூன்றடி ஆவியாக வேண்டியிருந்தது.